128 ஓட்டங்களும் வெடிக்காத துப்பாக்கிகளும்

இலங்கைக் கிரிக்கெட் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 1996 தான். அர்ஜுன, அரவிந்த, சனத், முரளி... கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் துலீப் மென்டிஸ் என்பார்கள். அந்தத் துலீப் மென்டிஸுக்குக் கல்கிசை சென். தோமஸ் கல்லூரியில் துடுப்பாட்டம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. எல்லோரும் "கேணல்" என்று கூப்பிட்ட ஒரு முன்னாள் கப்டன். மைதானத்தில் பையன்களுக்குக் கால் நகர்த்தலைச் சொல்லிக் கொடுத்த அந்த மனிதர், அதற்குச் சில வருடங்களுக்கு முன்புவரை வெலிக்கடைச் சிறைக் கைதி. குற்றம்: இலங்கை அரசைக் கவிழ்க்கச் சதி செய்தது!

பெயர் எப்.சி. டி சேரம். நண்பர்களுக்கு டெரிக்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வகை. கிரிக்கெட் எழுதுகிறவர்கள் 1934 ஆம் ஆண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, 1962 வந்ததும் "பிறகு ஒரு துரதிர்ஷ்டமான சம்பவம்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அரசியல் எழுதுகிறவர்களுக்கு அவர் ஒரு "மேட்டுக்குடிச் சதிகாரர்", அவ்வளவுதான். ஒரே மனிதர் எப்படி இரண்டாகவும் இருந்தார் என்பதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தச் சதியின் பாதி ரகசியம் கிரிக்கெட் மைதானத்திலேயே கிடைக்கிறது.

டி சேரம் 1912 இல் கொழும்பில் பிறந்தவர். அந்தக் குடும்பப் பெயரைக் கொழும்பில் சொன்னால் சட்டத்துறை தான் முதலில் நினைவுக்கு வரும். ரோயல் கல்லூரி, பிறகு இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம். அங்கே 1934 இல் அவர் ஆடிய ஆட்டம் சாதாரணமானதல்ல. அந்தப் பருவத்தில் முதல்தரப் போட்டிகளில் ஆயிரம் ஓட்டங்களைத் தாண்டினார். அதே கோடையில் உட்ஃபுல் தலைமையில் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து வந்திருந்தது. பிரட்மன் அந்தத் தொடரில் 758 ஓட்டங்கள் குவித்து ஆஷஸை மீட்டுக்கொண்டு போன அதே அணிதான். அந்த அணிக்கு எதிராக ஒக்ஸ்போர்ட் ஆடியபோது மறுமுனையில் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருக்க, டி சேரம் 128 அடித்தார். டெஸ்ட் அந்தஸ்து என்று ஒன்று கனவிலும் இல்லாத ஒரு சின்னத் தீவிலிருந்து போன ஒரு மாணவன்! அடுத்த ஆண்டும் ஒக்ஸ்போர்ட்டுக்கு ஆடினார். பிறகு ஊருக்குத் திரும்பி சட்டத்தொழில் பார்த்தார், சிலோன் அணிக்கும் தலைமை தாங்கினார்.

இங்கே ஒரு சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். "அமெச்சூர்." இன்றைக்கு அமெச்சூர் என்றால் சரியாக வேலை தெரியாதவன் என்ற அர்த்தத்தில் சொல்கிறார்கள். அந்தக் கால இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் அது ஒரு பட்டம் மாதிரி. காசு வாங்காமல் ஆடுபவர் "ஜென்டில்மன்", காசு வாங்கி ஆடுபவர் வெறும் "பிளேயர்". இரண்டு பேருக்கும் உடை மாற்றும் அறைகளே வேறு வேறு. பல மைதானங்களில் உள்ளே இறங்கும் வாசல் கூட வேறு. ஸ்கோர் அட்டையில் பெயர் எழுதும் முறையும் வேறு. எவ்வளவு நன்றாக ஆடினாலும் காசு வாங்குகிறவன் கப்டன் ஆவது அபூர்வம், ஏனென்றால் தலைமை தாங்குவது ஜென்டில்மனின் வேலை. (இந்தக் கூத்தை இங்கிலாந்து ஒரேயடியாக ஒழித்தது 1962 நவம்பரில். அந்த நேரத்தில் டி சேரம் விசாரணைக் கைதி. வரலாறு சில நேரம் நன்றாகவே கிண்டல் செய்கிறது.)

இந்த முறை அப்படியே கொழும்புக்கு வரவில்லை, ஆனால் அதன் வாசனை வந்தது. கொழும்பில் கிரிக்கெட் என்பது கிளப்புகளின் ஆட்டம். சிங்கள ஸ்போர்ட்ஸ் கிளப், தமிழ் யூனியன், பறங்கியர் கிளப், முஸ்லிம்களுக்கு மூர்ஸ், வெள்ளைக்காரருக்கு இன்னொன்று. இனத்தால் பிரிந்தவை, ஆனால் வர்க்கத்தால் ஒன்று. எல்லோரும் ஆங்கிலம் பேசினார்கள், நான்கைந்து பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தார்கள், மாலையில் ஒரே மாதிரியான மேசைகளில் உட்கார்ந்து குடித்தார்கள். டி சேரத்தின் காலத்தில் சிலோன் அணிக்குத் தலைமை தாங்கிய இன்னொருவர் தமிழரான மகாதேவன் சதாசிவம். 1947 இல் சேப்பாக்கத்தில் 215 அடித்தவர், 1948 இல் பிரட்மனின் அணி கொழும்பில் ஒரு நாள் இறங்கி ஆடியபோது சிலோன் கப்டன். 1951 இல் மனைவி கொலை வழக்கில் கைதாகி, 1953 இல் நிரபராதி என விடுதலையானவர். ஆக, ஒரு தலைமுறையின் இரண்டு பெரிய கப்டன்களுமே உலகறிந்த வழக்குகளில் சிறை இருந்து, விடுதலையாகி வெளியே வந்தவர்கள். வேறு எந்த நாட்டுக் கிரிக்கெட்டுக்கு இந்தப் பெருமை(?) உண்டு?

சரி, இராணுவம் எங்கே வந்தது? அதிலும் டி சேரம் அமெச்சூர் தான். அவர் முழுநேரப் படைவீரர் அல்ல. தொண்டர் படை என்று ஒன்று உண்டு. வாரநாட்களில் வக்கீலாகவும் தோட்டத்துரையாகவும் கம்பனி அதிகாரியாகவும் இருப்பவர்கள், பயிற்சி நாட்களில் சீருடை போடுவார்கள். டி சேரம் பீரங்கிப் படையின் தொண்டர் பிரிவில் வளர்ந்து கேணல் ஆனார். 1962 இல் அவர் தொண்டர் படையின் பிரதிக் கட்டளைத் தளபதி. பொழுதுபோக்குக்கு ஆடிய ஆட்டத்தில் நாட்டின் கப்டன், பகுதி நேரமாகப் பார்த்த படையில் கேணல். இப்படி எதைத் தொட்டாலும் தலைமைப் பதவி வந்து சேர்ந்த ஒரு மனிதனுக்கு, நாட்டையே கொஞ்ச நாள் கையில் எடுத்துச் சரிசெய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தோன்றினால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்த நேரம் நாடு எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம். 1958 இல் தமிழருக்கு எதிரான கலவரம். 1959 செப்டம்பரில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுட்டுக்கொல்லப்பட்டார். 1960 ஜூலையில் அவர் மனைவி சிறிமாவோ பிரதமரானார், உலகின் முதல் பெண் பிரதமர். உடனேயே உதவி பெறும் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்டது, கத்தோலிக்கர்கள் கொதித்தார்கள். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு, இராணுவத்தை அனுப்பி, தலைவர்களைப் பிடித்துத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். தெற்கிலோ வேலைநிறுத்தத்துக்கு மேல் வேலைநிறுத்தம்.

கொழும்பின் ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவ மேல்தட்டுக்கு இதெல்லாம் உலகம் இடிந்து விழுவது மாதிரி இருந்தது. அவர்களுடைய பிடி இருந்த கடைசி இரண்டு இடங்கள் படையும் பொலிசும். அதிலும் பொலிசில் ஒரு பெரிய மனக்கசப்பு நடந்திருந்தது. 1959 இல் பொலிஸ்மா அதிபர் ஒஸ்மண்ட் டி சில்வா பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அடுத்த வரிசையில் அனுபவமுள்ள பிரதி பொலிஸ்மா அதிபர்கள் இருந்தார்கள், அவர்களில் சிட்னி டி சொய்சாவும் சி.சி. திசாநாயக்கவும் முக்கியமானவர்கள். அவர்கள் எல்லோரையும் தாண்டி, பொலிஸ் சேவையிலேயே இருந்திராத வோல்ட்டர் அபேகோன் என்ற சிவில் அதிகாரி பொலிஸ்மா அதிபராக நியமிக்கப்பட்டார். முப்பது வருடம் சீருடை போட்டவன் தலைக்கு மேல் வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? டி சொய்சா ஓய்வு பெற்றார். திசாநாயக்க சேவையிலேயே இருந்தார், கோபத்தோடு. சதியின் பொலிஸ் பக்கம் இந்த இரண்டு பேரின் கையில் தான் இருந்தது. கடற்படையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட ரியர் அட்மிரல் ரொய்ஸ் டி மெல்லும் சேர்ந்தார். அவர் சகோதரர் கேணல் மொரிஸ் டி மெல்லும் சேர்ந்தார். படைக்குப் பொறுப்பு நம் கிரிக்கெட் கப்டன்.

திட்டம் 1962 ஜனவரி 27, சனிக்கிழமை இரவுக்கு. பெயர் "ஹோல்ட்ஃபாஸ்ட்". அன்றிரவு பிரதமரையும், பாதுகாப்பு விவகாரங்களைக் கையில் வைத்திருந்த இளம் அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவையும், பாதுகாப்புச் செயலாளர் என்.கியூ. டயஸையும், பொலிஸ்மா அதிபரையும் இன்னும் சிலரையும் வீட்டிலேயே கைதுசெய்வது. பொலிஸ் வண்டிகள் ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போய் ஊரடங்கு அறிவிக்கும். கவச வண்டிகள் முக்கிய சந்திகளில் நிற்கும். பிறகு மகாதேசாதிபதியை வைத்துப் பாராளுமன்றத்தைக் கலைப்பது. யாரும் சாகக்கூடாது என்பதும் திட்டத்தில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இதில் ஒரு குடும்பக் கதை வேறு. திசாநாயக்கவுக்குப் பட்டப்பெயர் "ஜங்கிள்". அவர் சகோதரர் எஸ்.ஏ. திசாநாயக்கவும் மூத்த பொலிஸ் அதிகாரி, பட்டப்பெயர் "ஜிங்கிள்". ஒருவர் சதித்தலைவர்களில் ஒருவர். மற்றவர் பிடிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில்!

கவிழ்ந்தது எப்படி? கொழும்புப் பொலிஸ் அத்தியட்சகர் ஸ்டான்லி சேனநாயக்கவையும் அன்றைய தினம் சதிக்குள் இழுத்தார்கள். அவர் நிலைகொள்ளாமல் மனைவியிடம் சொன்னார். மனைவியின் தகப்பனார் பி. டி எஸ். குலரத்ன, ஆளும் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். மனைவி தகப்பனிடம் சொல்ல, தகப்பன் பொலிஸ்மா அதிபரிடம் சொல்ல, இரவு முழுதாக விடியும் முன்னரே கதை முடிந்துவிட்டது. கதிர்காமத்தில் இருப்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட பிரதமர் கொழும்பிலேயே இருந்தார். ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை. பீலிக்ஸ் டயஸ் அலரி மாளிகையிலேயே உட்கார்ந்து விசாரணையை நடத்தினார். அவரும் ரோயல் கல்லூரி, அவரும் கிறிஸ்தவர். பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே பாடசாலைப் பாட்டைப் பாடி வளர்ந்தவர்கள்.

டி சேரம் விசாரணையில் தன் பங்கை மறைக்கவில்லை. அவுட் என்று தெரிந்தால் நடுவர் விரலைத் தூக்கும் வரை நிற்காமல் தானே நடந்து போகும் ஆட்டக்காரர்கள் உண்டு அல்லவா, அந்த ரகம். இதைச் சொல்லித்தான் இன்றும் அவரை மெச்சுகிறவர்கள் மெச்சுகிறார்கள்.

மெச்சலாம். ஆனால் எவ்வளவு தூரம்?

தமிழ் வாசகர்களிடையே ஒரு எண்ணம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட 24 பேரில் சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோரும் இருந்தார்கள், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆகவே இது இனவாதத்துக்கு எதிரான சதி, அது மட்டும் ஜெயித்திருந்தால் பின்னால் நடந்த எந்த அழிவும் நடந்திருக்காது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்தச் சதிகாரர்கள் சமஷ்டி கேட்டார்களா? தமிழுக்குச் சம இடம் கேட்டார்களா? அவர்கள் திரும்பக் கொண்டுவர நினைத்தது 1956 க்கு முந்திய கொழும்பை. அந்தக் கொழும்பில் தமிழ் வக்கீலுக்கு இடம் இருந்தது உண்மை. மலையகத் தோட்டத் தொழிலாளிக்குக் குடியுரிமை கூட இருக்கவில்லை, அதைப் பறித்த 1948 சட்டம் இதே மேல்தட்டின் ஆட்சியில் வந்தது தான். யாழ்ப்பாணத்து மீனவனுக்கோ, சிங்களம் மட்டுமே தெரிந்த தெற்கத்திக் கிராமத்து ஆசிரியனுக்கோ அந்தக் கொழும்பு என்ன கொடுத்தது? 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவை எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் என்று தான் நின்றது. ஆகவே ஆட்சியை மாற்றி மேல்தட்டிடம் திருப்பிக் கொடுத்திருந்தால் தமிழருக்கு விடிந்திருக்கும் என்பது ஆசை, ஆதாரம் இல்லை.

இன்னொன்று. கேணல்கள் நல்லவர்கள், ஜென்டில்மன்கள், இரத்தம் சிந்தாமல் பிடித்துச் சீக்கிரம் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்கிறார்கள். பாகிஸ்தானில் 1958 இல் அயூப் கான் பிடித்தார், அவரும் பிரித்தானியப் பயிற்சி பெற்ற கனவான் தான். 1969 இல் அவர் கொடுத்தபோதும் இன்னொரு ஜெனரலிடம் தான் கொடுத்தார். பர்மாவில் இதே 1962 இல், மார்ச் மாதம், நே வின் பிடித்தார். அந்த நாடு இன்னும் அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. கொழும்பு மட்டும் விதிவிலக்காக இருந்திருக்கும் என்பதற்கு அவர்கள் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்பது தவிர வேறு காரணம் யாரும் சொல்லவில்லை.

இதற்கு நல்ல பதிலை டி சேரம் சிறையில் இருக்கும்போதே வாக்காளர்கள் சொன்னார்கள். 1964 டிசம்பரில் பத்திரிகைகளைக் கையகப்படுத்தும் முயற்சியில் சிறிமாவோவின் அரசு சொந்தக் கட்சிக்காரர்களை இழந்து, பாராளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. 1965 மார்ச்சில் தேர்தல். சனங்கள் வரிசையில் நின்று அந்த அரசை வீட்டுக்கு அனுப்பினார்கள். கவச வண்டி வேண்டியிருக்கவில்லை, ஊரடங்கு வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடம் பொறுத்திருக்க முடியாமல் போனவர்கள், அந்த மூன்று வருடத்தையும் அதற்கு மேலும் சிறையில் கழித்தார்கள்.

இது வரைக்கும் படித்தவர்கள், "அப்படியானால் தண்டனை சரிதானே" என்று முடிவு கட்டியிருக்கலாம். அங்கே தான் கதை திரும்புகிறது. சதி செய்தவர்களை விட, சதியைத் தண்டிக்க அரசு செய்த வேலை தான் சட்டம் படிக்கும் ஒவ்வொருவரையும் யோசிக்க வைக்க வேண்டியது.

இருந்த சட்டத்தின்படி வழக்குப் போட்டால் வெல்வது கஷ்டம் என்று அரசுக்குத் தெரிந்தது. சதி நடக்கவே இல்லை, திட்டம் மட்டும் தான். முக்கிய ஆதாரம் பொலிசிடம் கொடுத்த வாக்குமூலங்கள், அவை சாதாரணச் சட்டத்தில் செல்லாது. என்ன செய்தார்கள்? 1962 பெப்ரவரியில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, இன்னார் இன்னார் சதிகாரர்கள் என்று பெயர் சொல்லி, கடுமையான தண்டனை வேண்டும் என்று வழக்குத் தொடங்கும் முன்னரே அறிவித்தார்கள். மார்ச்சில் ஒரு புதுச் சட்டம். ஜனவரி 1 ஆம் திகதியிலிருந்தே அது அமுலில் இருந்ததாகக் கணக்கு! ஜனவரி 27 அன்று செய்த செயலுக்கு மார்ச்சில் எழுதிய தண்டனை. குறைந்தது பத்து வருடச் சிறை, சொத்துப் பறிமுதல். செல்லாத வாக்குமூலங்கள் செல்லும். ஜூரி கிடையாது, மூன்று நீதிபதிகள். அந்த மூன்று பேரை யார் தேர்ந்தெடுப்பது? நீதி அமைச்சர்! அதாவது ஆட்டம் முடிந்த பிறகு விதிப் புத்தகத்தை மாற்றி, நடுவரையும் எதிரணியே அனுப்பிவைக்கிற மாதிரி.

நீதிபதிகளைப் பாராட்டத்தான் வேண்டும். அமைச்சர் நியமித்த முதல் அமர்வு, இந்த நியமனமே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லித் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. சட்டம் திருத்தப்பட்டு இரண்டாவது அமர்வு வந்தது. அதில் ஒரு நீதிபதி முன்பு இதே விசாரணையோடு சம்பந்தப்பட்டிருந்தார் என்பதால் அதுவும் கலைந்தது. மூன்றாவது அமர்வில் டி.எஸ். பெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, ஸ்ரீ ஸ்கந்தராஜா ஆகிய மூவர். 1963 ஜூனில் தொடங்கி 300 நாட்களுக்கு மேல் கேட்டார்கள். 1965 ஏப்ரல் 6 இல் தீர்ப்பு. 24 பேரில் 11 பேர் குற்றவாளிகள், தலைக்குப் பத்து வருடம். டி சேரம், ஜங்கிள் திசாநாயக்க, சிட்னி டி சொய்சா எல்லோரும் அந்த 11 இல். தண்டனை பின்னோக்கி மாற்றப்பட்டிருக்கிறது என்பதைத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் சுட்டிக் காட்டினார்கள்.

அப்போது இலங்கையின் கடைசி மேன்முறையீட்டு மன்றம் லண்டனில் இருந்த கோமறைக் கழகம். 1965 டிசம்பரில் அது 11 பேரையும் விடுதலை செய்தது. "லியனகே எதிர் அரசி" என்ற அந்த வழக்கு, முதல் எதிரியான சிவில் அதிகாரி டக்ளஸ் லியனகேயின் பெயரில் இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. இந்திய நீதிமன்றங்களும் எடுத்தாண்டிருக்கின்றன. கவனிக்க வேண்டியது, "இவர்கள் சதி செய்யவில்லை" என்று கோமறைக் கழகம் சொல்லவில்லை. "இந்தச் சட்டம் நியாயமற்றது, ஆகவே செல்லாது" என்ற வாதத்தைக் கூட ஏற்கவில்லை. அது சொன்னது இவ்வளவு தான்: தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. குறிப்பிட்ட சிலரை மனதில் வைத்து, அவர்களுக்கு மட்டும், அவர்கள் செயலுக்குப் பிறகு, அவர்கள் தண்டிக்கப்படுவதை உறுதி செய்ய ஒரு சட்டம் இயற்றினால், பாராளுமன்றம் நீதிபதியின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததாக அர்த்தம். அதற்கு அரசியலமைப்பில் இடமில்லை.

விடுதலைக்குப் பிறகு "பார்த்தீர்களா, அவர்கள் குற்றமற்றவர்கள்" என்று அவர்களின் நண்பர்கள் சொன்னார்கள். அது தவறு. "வெள்ளைக்கார நீதிமன்றம் வெள்ளைக்காரனுக்குப் பிடித்தவர்களை விட்டுவிட்டது" என்று எதிரிகள் சொன்னார்கள். அதுவும் தவறு. அந்தத் தீர்ப்பை முழுவதும் படித்தவர் இரண்டையும் சொல்ல மாட்டார். டி சேரம் செய்தது குற்றம். அவரைத் தண்டித்த விதமும் குற்றம். ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கிறார்கள் என்று ஆகிவிடுவது தான் இலங்கை அரசியல் பேச்சின் வியாதி. பின்னால் 1979 இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தபோது, பொலிசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்ற அதே ஏற்பாடு திரும்பி வந்தது. அப்போது அதில் சிக்கியவர்கள் ஒக்ஸ்போர்ட் பட்டதாரிகள் அல்ல, பெயர் தெரியாத தமிழ்ப் பையன்கள். அவர்களுக்கு லண்டனுக்குப் போக வழி இருக்கவில்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971 இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 1972 குடியரசு யாப்பு, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்பதையும் இல்லாமல் செய்தது. சிறுபான்மையினருக்குப் பழைய யாப்பில் இருந்த 29 ஆம் பிரிவும் போனது. லியனகே வழக்கில் அரசு பட்ட தோல்வி தான் இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று சொல்வது மிகைப்படுத்தல். ஆனால் அந்தத் தோல்வியை 1972 இல் யாப்பு எழுதியவர்கள் மறந்திருக்கவும் மாட்டார்கள்.

படைக்கு என்ன ஆனது என்பது இதைவிட நேரடியான கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு முதலாவது இலங்கையரான இராணுவத் தளபதி ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. சதி நடந்த 1962 இல் கடற்படைத் தளபதியும் ஒரு தமிழர், ராஜன் கதிர்காமர். அவருக்கும் சதிக்கும் சம்பந்தம் இல்லை, 1970 வரை பதவியில் இருந்தார். இப்படி ஒரு படை இருந்தது என்று இன்றைய தலைமுறையிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சதிக்குப் பிறகு அதில் சம்பந்தப்பட்ட தொண்டர் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. அதைவிட முக்கியம், ஆட்சேர்ப்பில் யாரை நம்பலாம் யாரை நம்பக்கூடாது என்ற கேள்விக்கு இனமும் மதமும் பதிலாகின. அந்தப் போக்கு 1962 க்கு முன்னரே தொடங்கியிருந்தது. ஆனால் அதுவரை வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்கு டி சேரமும் நண்பர்களும் தங்கத் தட்டில் வைத்துக் காரணம் கொடுத்தார்கள். இருபது வருடத்தில் அது ஏறத்தாழ ஒரே இனத்தின் படையாகிவிட்டது. 1983 க்குப் பிறகு வடக்கு கிழக்கில் அந்தப் படை எப்படிப் பார்க்கப்பட்டது, அது அங்குள்ள சனங்களை எப்படிப் பார்த்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. சதி செய்தவர்கள் நான்கு வருடத்தில் வீட்டுக்குப் போனார்கள். அன்று கொழும்பில் என்ன நடந்தது என்றே தெரியாத தமிழ்ப் பையன்களும் சிங்களப் பையன்களும் தான் அதன் மீதிக் கணக்கைக் கட்டினார்கள்.

டி சேரம் வெளியே வந்தபோது வயது 53. கசப்பில் நாட்டை விட்டுப் போனவர்கள் பலர். மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க கூட, விசாரணையில் பெயர் அடிபட்டதும் 1962 மார்ச்சில் பதவி போய் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். டி சேரம் போகவில்லை. மைதானத்துக்குத் திரும்பினார். அதுவும் எங்கே? தான் படித்த ரோயல் கல்லூரியின் பரம வைரியான சென். தோமஸுக்குப் பயிற்சி கொடுக்க! ரோயல்–தோமியன் போட்டியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். (அரசைக் கவிழ்க்கப் பார்த்ததை விட ரோயல் பழைய மாணவர்களுக்கு இது தான் பெரிய துரோகமாகப் பட்டிருக்கும்.)

அவர் வளர்த்த பையன்களில் சிலர் வேறு உலகத்துக்குப் போனார்கள். துலீப் மென்டிஸ் கடற்கரை ஊரான மொரட்டுவையில் பிறந்தவர், கொழும்பு மேட்டுக்குடியின் பிள்ளை அல்ல. இலங்கை 1981 இல் டெஸ்ட் அந்தஸ்துப் பெற்றது. 1982 செப்டம்பரில் சேப்பாக்கத்தில், சதாசிவம் 215 அடித்த அதே மைதானத்தில், இந்தியாவுக்கு எதிராக மென்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105, இரண்டாவது இன்னிங்ஸிலும் 105. இலங்கைக்கு ஒரே டெஸ்டில் இரண்டு சதம் என்பது அதுவே முதல் தடவை. அந்தச் செய்தி வந்தபோது கேணல் கொழும்பில் உயிரோடு இருந்தார். 1983 ஏப்ரலில் இறந்தார். அந்த வருட ஜூலைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.